பழைய நோட்டுப் பட்டியலை ஈபேர்டில் ஏற்ற வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. 2009 முதல் பார்த்த பறவைகளையெல்லாம் நோட்டில் எழுதி, அப்புறம் எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். வேடந்தாங்கல், சிங்கப்பூரின் சுங்கை பூலோ, கென்யாவின் நைவாஷா ஏரி, இங்கிலாந்து என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. இப்போது பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான ஈபேர்டுக்கு மாற்ற உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது.

முதல் சிக்கல், பெயர்கள். நான் 'கூகை' என்று ஒரே வரியில் எழுதியதை இப்போது மூன்று இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். நம் ஊர்க் கோபுரத்தில் பார்த்தது கிழக்குக் கூகை, இங்கிலாந்தில் பார்த்தது மேற்குக் கூகை. உண்ணிக்கொக்கும் அப்படியே: வேடந்தாங்கலில் ஒன்று, நைவாஷாவில் வேறொன்று. வீட்டில் உட்கார்ந்தபடியே கணக்கில் இரண்டு கூடிவிட்டது, சந்தோஷம்தான்! ஆனால் 400 வரிகளையும் இப்படி ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டுமா? 2025-இல் வந்த, உலகப் பறவை இனங்களின் பொதுப் பட்டியலான ஏவிலிஸ்ட்டை வைத்து எக்செல்லை மொத்தமாகச் சரிபார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அடுத்தது, பழைய குறிப்புகளில் நேரம் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. எண்ணிக்கைக்குப் பதில் 'எக்ஸ்' போடலாம் என்று தெரியும். ஆனால் நைவாஷாவில் இரண்டு நாள் பார்த்ததை ஒரே பக்கத்தில் எழுதித் தொலைத்திருக்கிறேன். எந்த நாளில் எது என்று இப்போது நினைவில்லை. அதை ஏற்றுவதா, விட்டுவிடுவதா?

குரல் மட்டும் கேட்ட அக்காக்குயிலை நீங்கள் வாழ்நாள் பட்டியலில் சேர்ப்பீர்களா? நான் சேர்த்துவிட்டேன், வீட்டில்தான் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள்.