மொழிபெயர்ப்பு முடிந்தும் திரையில் தமிழ் வரவில்லை: அமைவுக் கோப்புகளோடு நம் அனுபவங்கள்

தன்னார்வத் தமிழாக்கர், தஞ்சாவூர்

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கலைச்சொற்களைப் பற்றி நாம் மாதக்கணக்கில் விவாதித்திருக்கிறோம். ஆனால் மொழிபெயர்த்த கோப்பு பயனரின் திரையைச் சென்றடையுமா என்பதைத் தீர்மானிக்கிற அமைவுக் கோப்புகளைப் பற்றி நம்மில் எவரும் அதிகமாக எழுதியதில்லை. அது நிரலாளர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். பெரும்பாலான திட்டங்களில் அந்த நிரலாளருக்குத் தமிழ் தெரியாது என்பதால், தமிழ் வரவில்லை என்பது அவர் கண்ணில் படுவதற்கும் வழியில்லை. இப்படிக் காணாமல் போன மொழிபெயர்ப்புகள் உங்கள் அனுபவத்திலும் இருக்கும் என்று நம்பி, என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

நான் மொழிபெயர்த்து வந்த மேசைக்கணினி நிரல் ஒன்று ஜிஎன்யூ கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் அமைந்தது. மூலச் சொற்றொடரையும் அதன் தமிழாக்கத்தையும் இணையாகக் கொண்ட பீஓ கோப்பை முழுமையாக முடித்து அனுப்பினேன். அது திட்டத்தின் மூலநிரல் களஞ்சியத்தில் சேர்க்கவும் பட்டது. அடுத்த பதிப்பு வெளிவந்தபோது அதில் ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை. எழுத்துருவைச் சந்தேகித்தோம், இயங்குதளத்தைச் சந்தேகித்தோம். காரணமோ அதே கோப்புறையில் இருந்த 'லிங்குவாஸ்' என்ற சிறிய உரைக்கோப்பில் இருந்தது. அதில் மொழிக் குறியீடுகளைத் தவிர வேறொன்றும் இருக்காது. கட்டுமானக் கருவி ஆட்டோடூல்ஸ் ஆனாலும் மீசான் ஆனாலும், நிரலைக் கட்டும்போது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எந்தெந்தப் பீஓ கோப்புகளை நிரல் படிக்கும் எம்ஓ கோப்புகளாகத் தொகுக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன. தமிழுக்குரிய 'டிஏ' என்ற இரண்டு எழுத்துகள் அதில் இல்லையென்றால், கோப்பு பக்கத்திலேயே கிடந்தாலும் அதை எதுவும் தொடுவதில்லை. பிழைச் செய்தியோ எச்சரிக்கையோ வராது என்பதுதான் இதில் கொடுமை.

அந்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்த பிறகு தமிழ் வந்தது. ஆனால் புதிதாக வந்திருந்த விருப்பத்தேர்வுகள் சாளரம் மட்டும் முழுக்க ஆங்கிலத்திலேயே இருந்தது. மொழிபெயர்ப்புத் தளம் நூறு விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருந்த நேரம் அது. எந்தெந்த மூலநிரல் கோப்புகளிலிருந்து சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) திரட்ட வேண்டும் என்பதைச் சொல்கிற 'பாட்ஃபைல்ஸ்' பட்டியலில் அந்தச் சாளரத்தின் கோப்பைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். பட்டியலில் இல்லாத கோப்பின் சரங்கள், பீஓ கோப்புகளுக்கு அடிப்படையான பீஓடி வார்ப்புருவுக்கு வருவதில்லை. வார்ப்புருவுக்கு வராதவை கணக்கிலும் சேர்வதில்லை. ஆகவே தளம் காட்டும் விழுக்காடு, திரட்டப்பட்ட சரங்களில் எத்தனையை முடித்திருக்கிறோம் என்பதை மட்டுமே சொல்கிறது. இன்ட்டூல் என்ற சரம் திரட்டும் கருவியைப் பயன்படுத்தும் பழைய திட்டங்களில், விடுபட்ட கோப்புகளைக் கண்டறியவே 'இன்ட்டூல்-அப்டேட்' கட்டளைக்கு ஒரு தேர்வு உண்டு. வேண்டுமென்றே விலக்க வேண்டியவற்றுக்கு 'பாட்ஃபைல்ஸ்.ஸ்கிப்' என்ற தனிப் பட்டியலும் உண்டு. வெளியீட்டுக்கு முன் இதை ஓட்டிப் பார்க்கும் வழக்கம் எத்தனை திட்டங்களில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

சோதித்துப் பார்க்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முனையத்தில் 'லாங்குவேஜ்' சூழல் மாறிக்குத் தமிழின் குறியீட்டைக் கொடுத்து நிரலைத் திறந்தும் ஆங்கிலமே வருகிறது என்றால், உடனே பீஓ கோப்பைக் குறை சொல்லிவிடாதீர்கள். கணினியின் நடப்பு வட்டார அமைப்பு (மொழி, நாட்டு வழக்கு ஆகியவற்றின் தெரிவு) எந்த மொழியையும் குறிக்காத 'சி' என்று இருக்கும்வரை கெட்டெக்ஸ்ட் அந்த மாறியைப் பொருட்படுத்தாது. டெபியன் வகை லினக்ஸ் கணினிகளில் 'லோகேல்.ஜென்' கோப்பில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் ஆகிய இரண்டுக்கும் வரிகள் உள்ளன. வேண்டியதன் முன்னால் இருக்கும் # குறியை நீக்கி 'லோகேல்-ஜென்' கட்டளையை இயக்கி, 'லாங்' மாறியில் அந்த வட்டாரத்தைக் கொடுத்த பிறகே சோதனைக்குப் பொருள் உண்டு.

செயலி உருவாக்குநர், யாழ்ப்பாணம்

மேலே எழுதிய ஐயாவுக்கு நன்றி. ஆண்ட்ராய்டு உலகிலும் இதே மௌனந்தான். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் இயங்க வேண்டிய ஒரு செயலியின் பராமரிப்பு எங்கள் கைக்கு வந்தது. தமிழ்ச் சரங்கள் களஞ்சியத்தில் ஒழுங்காக இருந்தன. ஆனால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழை மொழியாக வைத்திருந்த சிலரின் கைப்பேசிகளில் ஆங்கிலம் வந்தது, வேறு சிலருடையவற்றில் தமிழ் வந்தது. ஒரே செயலி, ஒரே பதிப்பு என்பதால் எங்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

அந்தத் திட்டம் மொழிபெயர்ப்புக்குக் கிரவுடின் தளத்தைப் பயன்படுத்தியது. களஞ்சியத்தின் வேரில் இருக்கும் யாமல் வடிவ அமைவுக் கோப்பில், மூலக்கோப்பு எங்கே இருக்கிறது, மொழிபெயர்த்தது எங்கே போக வேண்டும் என்று இரண்டு பாதைகளை எழுதுகிறோம். இரண்டாவது பாதையில் மொழியின் பெயர் வரும் இடத்தில் ஆண்ட்ராய்டுக் குறியீட்டுக்கான இடங்காட்டியை (தளம் பின்னர் உரிய குறியீட்டால் நிரப்பும் சொல்லை) முன்பு இருந்தவர்கள் வைத்திருந்தார்கள். தமிழுக்கு அந்த இடங்காட்டி வெறும் மொழிக் குறியீட்டைத் தராமல், இந்தியா என்ற நாட்டுக் குறியீட்டையும் சேர்த்தே தரும். எனவே சரங்கள் 'இந்தியத் தமிழ்' கோப்புறைக்குள் போய் உட்கார்ந்தன. இலங்கைத் தமிழ் என்று அமைத்த கைப்பேசி, முதலில் இலங்கைத் தமிழையும் அடுத்துப் பொதுத் தமிழையும் தேடும். ஆண்ட்ராய்டு 7.0 முதல், அவை இரண்டும் இல்லாதபோது பொதுத் தமிழின் கீழ் வரும் மற்ற வட்டாரங்களையும் தேடிப் பார்த்து இந்தியத் தமிழை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அந்த ஏற்பாடு இல்லாததால் தேடல் நேரே ஆங்கிலத்தில் போய் நின்றது. பழைய கைப்பேசி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஆங்கிலம் வந்ததன் காரணம் இவ்வளவுதான்.

திருத்தம் சில வரிகளில் முடிந்தது. அதே யாமல் கோப்பில் மொழிப் பொருத்தம் என்ற பகுதியைச் சேர்த்து, தமிழின் ஆண்ட்ராய்டுக் குறியீடு நாட்டுப் பெயர் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதினோம். பழைய கோப்புறையை அழித்தோம். அழிப்பதை மறந்துவிடக் கூடாது. அதை விட்டுவைத்தால் இந்தியப் பயனர்களுக்கு எந்நாளும் பழைய மொழிபெயர்ப்பே தெரிந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அவர்களுடைய கைப்பேசிக்கு அதுவே மிக நெருங்கிய பொருத்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரேடில் என்ற கட்டுமானக் கருவியின் கோப்பில், செயலியின் அளவைக் குறைப்பதற்காக, எந்தெந்த மொழி வளங்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் தரலாம். நூலகங்களோடு வந்து சேரும் பல பத்து மொழிகளின் சரங்களைக் களைய அது நல்ல வழி. தமிழ் பின்னால் சேர்க்கப்பட்ட திட்டங்களில், இந்தப் பட்டியலில் ஆங்கிலமும் சிங்களமும் மட்டும் இருந்து, கட்டும் நேரத்தில் தமிழ் முழுவதும் வெட்டி வீசப்படுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டு 13 முதல் செயலிவாரியாக மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்துவிட்டதால், அதற்குரிய வட்டாரப் பட்டியல் கோப்பிலும் தமிழைச் சேர்த்தால்தான் கைப்பேசியின் அமைப்புகளில் அந்தச் செயலிக்குத் தமிழ் என்ற தெரிவு காட்டப்படும். மூன்று இடங்களில் ஒரே மொழியை மூன்று முறை அறிவிக்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

வலைநிரலாளர், சிங்கப்பூர்

சுருக்கமாக ஒன்று. இங்கே ஒரு நிறுவனத்தின் வலைச்செயலியில், சரங்களுக்கும் எண்களுக்கும் சேர்த்துப் பொதுத் தமிழையே வட்டாரமாக அமைத்திருந்தார்கள். யூனிகோடின் வட்டாரத் தரவுத்தளமான சிஎல்டிஆரில் பொதுத் தமிழ் என்பது இந்திய வழக்கைக் கொண்டது. ஆகவே தொகைகள் 12,34,567 என்று இலட்சக் கணக்கில் பிரிந்து தோன்றின. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் உரிய தமிழ் வட்டாரங்களில் அது 1,234,567 என்றே வரும். சரங்களைப் பொதுத் தமிழ்க் கோப்பிலேயே விட்டுவிட்டு, எண் வடிவமைப்புக்கு மட்டும் சிங்கப்பூர்த் தமிழைக் கொடுத்தோம். சரக்கோப்பை நாட்டுக்கு ஒன்றாகப் பிரிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பராமரிக்க ஆளில்லாத நான்கு கோப்புகளை உருவாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜாவா நிரலாளர், கோயம்புத்தூர்

நான் பார்த்தது இதற்கு நேர்மாறானது. தமிழ் வந்தது, ஆனால் படிக்கும் வகையில் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் பிழையின்றி அனுப்பியிருந்த ப்ராப்பர்ட்டீஸ் என்ற சரக்கோப்பு, திரையில் ஒலிக்குறியிட்ட இலத்தீன் எழுத்துகளும் கட்டங்களுமாகக் குவிந்து கிடந்தது. அலுவலகத்தில் பலரும் எழுத்துருவை மாற்றச் சொன்னார்கள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் வழக்கமான தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு குறிப்புள்ளியும் (யூனிகோடு எண் பெற்ற தனிக் குறியும்) மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். அவற்றை ஐஎஸ்ஓ 8859-1 என்று எண்ணிப் படித்தால் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகி, ஒரு தமிழ்க் குறி மூன்று அந்நியக் குறிகளாக உடைந்துவிடும். அப்படி உடைந்ததை எந்த எழுத்துருவும் சேர்த்துவைக்க முடியாது.

ஜாவா 8 வரை, ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகளாலான வளத்தொகுப்புகள் ஐஎஸ்ஓ 8859-1 என்றே படிக்கப்பட்டன. அதனால்தான் தமிழ் எழுத்துகளை யூனிகோடு எண்களாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. 2017இல் வெளிவந்த ஜாவா 9 முதல் அவை யூடிஎஃப்-8 என்று முதலில் படிக்கப்படுகின்றன. எங்கள் நிரல் அதற்கும் பிந்தைய ஜாவாவில்தான் ஓடியது என்பதால் குழப்பம் நீடித்தது. இறுதியில் தெரிய வந்தது என்னவென்றால், அந்த மாற்றம் ரிசோர்ஸ்பண்டில் வகுப்புக்கு மட்டுமே உரியது. ப்ராப்பர்ட்டீஸ் வகுப்பின் மூலம் பைட் ஓடையிலிருந்து நேராக ஏற்றினால் இன்றும் பழைய குறியாக்கமே நடைமுறையில் உள்ளது. எங்கள் நிரலின் ஒரு பகுதி அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருந்தது. குறியாக்கத்தை வெளிப்படையாகக் கொடுத்து ஒரு ரீடர் வழியாக ஏற்றியதும் சரியாயிற்று. அதோடு, மேவன் கட்டுமானக் கருவியின் அமைவுக் கோப்பில் மூலக் குறியாக்கத்தையும், உரைத்தொகுப்பிகளுக்கான எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் எழுத்துத் தொகுதியையும் யூடிஎஃப்-8 என்று எழுதி வைத்தோம்.

தமிழாக்க ஒருங்கிணைப்பாளர், மதுரை

நண்பர்கள் எழுதியவை எல்லாம் தமிழ் வராமல் போனவை. வந்துகொண்டிருந்த தமிழ் திடீரென்று மறைந்த ஒன்றை நான் சொல்கிறேன். டிரான்ஸிஃபெக்ஸ் மொழிபெயர்ப்புத் தளத்தின் கட்டளைக் கருவிக்குரிய அமைவுக் கோப்பில், குறைந்தது எத்தனை விழுக்காடு முடிந்த மொழிகளை மட்டும் இறக்க வேண்டும் என்று ஓர் எண்ணைக் கொடுக்கலாம். ஒரு திட்டத்தில் அது 80 என்று இருந்தது. பெரிய பதிப்பு ஒன்றுக்காக ஆங்கிலச் சரங்கள் ஏராளமாகச் சேர்ந்தபோது, தமிழின் விழுக்காடு அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. மொழிபெயர்ப்புகளைக் களஞ்சியத்தில் வைக்காமல் ஒவ்வொரு கட்டுமானத்தின்போதும் புதிதாக இறக்கிக்கொள்கிற திட்டம் அது. ஆகவே முந்தைய பதிப்பில் தமிழில் பயன்படுத்தியவர்களுக்குப் புதிய பதிப்பில் தமிழே கிடைக்கவில்லை. நாங்கள் ஒரு சொல்லையும் நீக்கவில்லை. ஆங்கிலம் வளர்ந்ததால் தமிழ் தோற்றது. ஆள் குறைந்த மொழிக் குழுக்களுக்கு இந்த எல்லை அநீதியானது என்று நான் கருதுகிறேன். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக இருப்பது அழகன்று என்போர் உண்டு. பயனரைக் கேட்டால் அவர் பாதியையாவது கொடு என்பார். புதிய மொழிகளைச் சேர்க்கும்போது எல்லை வைத்துக்கொள்ளலாம், ஏற்கனவே வெளியானவற்றுக்கு வேண்டாம் என்று பராமரிப்பாளரிடம் எழுதினோம். அவர் அந்த வரியை எடுத்துவிட்டு, எந்த மொழியைச் சேர்ப்பது என்பதைத் தாமே பார்த்துக்கொள்கிறார்.

அதே கருவியின் பைத்தான் பதிப்பு ஓய்வுபெற்று, கோ என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட புதியது வந்தபோது, அமைவுக் கோப்பில் பகுதிகளின் பெயர் எழுதும் முறையும் மாறியது. முன்பு திட்டமும் வளமும் ஒரு புள்ளியால் இணைந்து நின்றன. இப்போது நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து முக்காற்புள்ளிகளால் பிரித்து எழுதப்படுகிறது. இதை மாற்றித் தர அந்தக் கருவியிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. மாற்றிய பிறகு, மொழிப் பொருத்த வரியில் இந்தியத் தமிழ் எந்தக் குறியீட்டுக்குப் போகிறது என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர் எழுதிய சிக்கல் இங்கேயும் முளைக்கும்.

வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தைப் பயன்படுத்துவோருக்கு வேறொரு தொல்லை உண்டு. பீஓ கோப்பின் தலைப்பில் வார்ப்புரு உருவான நேரமும், ஒவ்வொரு சரத்தின் மேலும் மூலநிரலின் வரி எண்ணும் இருக்கும். நிரலாளர் தம் கணினியில் பீஓ கோப்புகளைப் புதுப்பிக்க, வெப்லேட்டும் அதே நேரத்தில் புதுப்பித்தால், ஒரு மொழிபெயர்ப்பும் மாறாமலேயே நூற்றுக்கணக்கான வரிகள் மாறி இணைப்பு முரண் (இரு தரப்பு மாற்றங்களும் தானாக ஒன்றுசேர முடியாத நிலை) வந்து நிற்கும். களஞ்சியம் பூட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் தன்னார்வலர்களின் ஆர்வமும் வடிந்துவிடும். நாங்கள் பீஓடி வார்ப்புருவை மட்டும் நிரலாளர் புதுப்பிப்பது, பீஓ கோப்புகளோடு அதை இணைப்பதை வெப்லேட்டின் துணைநிரலே செய்வது என்று பிரித்துக்கொண்டோம். சரம் திரட்டும் எக்ஸ்கெட்டெக்ஸ்ட் கட்டளையில் வரி எண்ணை விட்டுவிட்டுக் கோப்பின் பெயரை மட்டும் எழுதச் சொல்லும் தேர்வையும் சேர்த்தோம். வரி எண்ணையும் கோப்பின் பெயரையும் சேர்த்தே நீக்கிவிடும் தேர்வும் உண்டு. ஆனால் தனித்து நிற்கும் 'ஓப்பன்' என்ற ஒரு சொல் பொத்தானில் வருகிறதா நிலைப்பட்டையில் வருகிறதா என்று மொழிபெயர்ப்பாளர் ஊகிப்பதற்கு அந்தக் கோப்பின் பெயர்தான் பல வேளைகளில் ஒரே தடயம் என்பதால், அதை நாங்கள் எடுக்கவில்லை.