பிரெஞ்சு காரில் மீட்டர் போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்கு: கன்ட்ரோல் பெட்டியை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பழைய டீசல்:

வணக்கம். கம்பெனி பெயரைப் போட்டால் கேள்வியை விட்டுவிட்டு ரசிகர் சண்டை ஆரம்பித்துவிடும். அதனால் பிரெஞ்சு கார், 2006 மாடல், டீசல் ஹேட்ச்பேக் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. தொல்லை எல்லாம் கரண்ட் பக்கம்தான்.

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சோம்பலாகத்தான் சுற்றுகிறது. அந்த நேரத்தில் மீட்டர் முட்கள் எல்லாம் ஒருமுறை விழுந்து எழுகின்றன. ஸ்டார்ட் ஆனதும் ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங் என்று எச்சரிக்கைகள் திரையில் வரிசை கட்டுகின்றன. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பாதி காணாமல் போய்விடும். அப்புறம், பிரேக்கை மிதித்தால் பின்னால் வலது இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. நல்ல வெயிலில் வைப்பர் தானாக ஒரு வீச்சு வீசுகிறது.

மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் நிறைய எரர் கோட். முக்கால்வாசி ‘தொடர்பு இல்லை’ வகை. “பாடி கன்ட்ரோல் பெட்டி போச்சு, புதுசு போட்டு கோடிங் செய்யணும்” என்கிறார். பேட்டரி புதிதாகப் போட்டதுதான். பிரெஞ்சு கார் என்றாலே இப்படித்தான் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். பெட்டியை மாற்றிவிடலாமா, வண்டியையே தள்ளிவிடலாமா?

நாலுசக்கரம்:

தள்ளிவிடுங்கள் ப்ரோ. பிரெஞ்சுக்காரனிடம் சீட்டும் சஸ்பென்ஷனும் வாங்கலாம், வயரிங் வாங்கக் கூடாது. ரெனோவின் லகுனா 2 கார் கதை தெரியும்தானே?

எர்த் ஒயர்:

பெட்டிக்கு முன்பணம் கொடுத்துவிடவில்லையே? அப்படியே நிறுத்தி வையுங்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நாலுசக்கரம் சொன்னதற்கு. அவர் சொல்வதில் பாதி உண்மை. லகுனா 2 வந்தபோது அந்த விலைக் காரில் யாரும் நினைத்துப் பார்க்காததை எல்லாம் ரெனோ அதில் திணித்தது. சாவிக்குப் பதில் கார்டு, டயர் காற்றழுத்த சென்சார் எல்லாம் அதில் வந்தன. 2001-ல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் காரும் அதுதான். அப்புறம் அதே எலக்ட்ரானிக்ஸ் அதன் பெயரைக் கெடுத்தது. அடுத்த லகுனா தரத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும் என்று 2006-ல் ரெனோ தலைவர் கார்லோஸ் கோன் மேடையில் அறிவிக்கும் அளவுக்குப் போனது. அதற்கும் முன்னால் சிட்ரோயன் எக்ஸ்எம் இருந்தது. 1990-ல் ஐரோப்பாவின் ‘கார் ஆஃப் தி இயர்’. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் சஸ்பென்ஷன் ஒருபக்கம், மட்டமான கனெக்டரும், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் முனையும் மறுபக்கம். மூளை நன்றாகத்தான் இருந்தது, நரம்பில்தான் மிச்சம் பிடித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் இருக்கும் கோபம் இது ஒன்றுதான்.

பெயர் கெட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரின் கன்ட்ரோல் யூனிட்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, ஜெர்மன் கம்பெனி பாஷ் தன் கேன் நெட்வொர்க்கை 1986-ல் வெளியிட்டது. பீஜோ-சிட்ரோயனும் ரெனோவும் சேர்ந்து வி.ஏ.என். என்று தனியாக ஒன்றை உருவாக்கின. 2000-களின் தொடக்கத்தில் பீஜோ 307 மாதிரி சாதாரணக் குடும்பக் காரிலேயே லைட், வைப்பர், ஜன்னல் எல்லாம் அந்த நெட்வொர்க் வழியாகத்தான் ஓடின. சில வருஷத்தில் அவர்களும் முழுக்க கேனுக்கு மாறிவிட்டார்கள். எதுவாக இருந்தாலும் நடுவில் ஒரு பாடி கன்ட்ரோல் பெட்டி உட்கார்ந்திருக்கும். பீஜோ-சிட்ரோயனில் பிஎஸ்ஐ, ரெனோவில் யூசிஎச். வைப்பர் குச்சியைத் தட்டினால் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் போகாது. ‘வைப்பர் கேட்கிறார்கள்’ என்ற தகவல்தான் அந்தப் பெட்டிக்குப் போகும், அது உத்தரவு போடும். அதனால் எங்கே கோளாறு வந்தாலும் பழி பெட்டி மேல் விழுகிறது.

இப்போது உங்கள் வண்டி. செல்ஃப் சோம்பல், முள் விழுவது, எச்சரிக்கை ஊர்வலம், இந்த மூன்றும் ஒன்று. செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் 9-ஐ ஒட்டி இறங்கினால் ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டாக ஒரு நொடி மயங்கி எழும். எழுந்ததும் பக்கத்து யூனிட்டைத் தேடும். அது இன்னும் எழவில்லை என்றால் ‘தொடர்பு இல்லை’ என்று எழுதி வைத்துவிடும். யூ என்ற எழுத்தில் தொடங்கும் கோட்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது யாரெல்லாம் மயங்கினார்கள் என்று சொல்கிறது. ஏன் மயங்கினார்கள் என்பது அதற்குத் தெரியாது.

பேட்டரி புதிது என்கிறீர்கள், சரி. வண்டி ஓய்வாக நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் அடுத்து எர்த். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் பட்டை ஒயர் பல கார்களில் பேட்டரி ட்ரேக்கு அடியில்தான் இருக்கும். தண்ணீரும் சேறும் அங்கேதான் தங்கும். மேலே பார்த்தால் உறை பளபளவென்று இருக்கும். போல்ட்டைக் கழற்றி ஒயரை வளைத்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு கொட்டும்.

இதை ஓம் வைத்து மட்டும் அளக்காதீர்கள். இழையில் பாதி அறுந்திருந்தாலும் மீட்டர் ‘பீப்’ அடித்து நல்லது என்றுதான் சொல்லும். கணக்கு போட்டுப் பாருங்கள்: அந்த இணைப்பில் வெறும் 0.005 ஓம் தடை இருந்தால் போதும். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கும்போது ஒரு முழு வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 0.005 ஓமை சாதாரண மல்டிமீட்டர் பார்க்கவே பார்க்காது. அதனால் மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில், கிளாம்ப்பில் அல்ல, கம்பத்திலேயே. இன்னொரு முனை இன்ஜின் பிளாக்கில் துரு இல்லாத இடத்தில். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அதைத் தாண்டினால் பெட்டியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிவது தனிக் கதை. வலது பின் விளக்கின் எர்த் பின் கருகியிருக்கும். பிரேக் பல்புக்குப் போன கரண்ட் திரும்ப வழி இல்லாமல் இண்டிகேட்டர் பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது, அதனால்தான் மங்கல். விளக்கைக் கழற்றி சாக்கெட்டைப் பாருங்கள், பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தால் அதுதான்.

கழற்றும் முன் ஒன்று. சாவியை எடுத்த உடனே பேட்டரியைப் பிடுங்காதீர்கள். இந்தக் கார்களில் நெட்வொர்க் தூங்கப் போகச் சில நிமிடம் ஆகும். கதவைப் பூட்டிவிடாமல், சாவியைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்து கழற்றுங்கள். திரும்ப மாட்டிய பிறகும் கொஞ்சம் பொறுத்து இக்னிஷன் போடுங்கள். நல்ல பெட்டி குழம்பிப் போவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான்.

நாலுசக்கரம்:

சரி அண்ணா, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். ரெனோ சீனிக் இரண்டாம் தலைமுறையில் டிஜிட்டல் மீட்டர் மொத்தமாக இருண்டு போவது ஊரறிந்த கதை. அதற்கு எர்த் என்ன செய்யும்?

எர்த் ஒயர்:

அது மீட்டர் போர்டு உள்ளே இருக்கும் கோளாறு, எர்த் ஒன்றும் செய்யாது. பெட்டியே போகாது என்று நான் சொல்லவில்லை. கடைசியாகப் பார்க்க வேண்டியதை முதலில் மாற்றாதீர்கள் என்கிறேன். ஜெர்மனியின் அடாக் என்ற வாகன ஓட்டிகள் சங்கம் நடுரோட்டில் நின்ற வண்டிகளைக் கணக்கெடுக்கிறது. எல்லா பிராண்டும் சேர்த்து 40 சதவீதத்துக்கு மேல் 12 வோல்ட் பேட்டரிதான் காரணம். இதில் பிரெஞ்சு, ஜெர்மன் என்ற வித்தியாசம் எல்லாம் கிடையாது.

மழைக்கோட்டு:

ஒரு சின்னச் சேர்க்கை. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் வடியும் துளை இருக்கும். இலை அடைத்தால் தண்ணீர் கேபினுக்குள் இறங்கும். ஓட்டுநர் பக்கக் கார்பெட்டின் அடியில் கையை விட்டுப் பாருங்கள், மேலே காய்ந்திருந்தாலும் ஸ்பாஞ்ச் ஊறிக் கிடக்கும். டிக்கி கதவுக்குப் போகும் ரப்பர் குழாயையும் இழுத்துப் பாருங்கள், திறந்து மூடியே உள்ளே ஒயர் ஒடிந்திருக்கும்.

பழைய டீசல்:

எல்லோருக்கும் நன்றி. செல்ஃப் அடிக்கும்போது 0.9 வோல்ட் காட்டியது! ட்ரேயைத் தூக்கினால் பட்டை ஒயர் போல்ட் முனையில் சில இழைகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. புது ஒயர் போட்டு, பாடியில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன். இப்போது 0.1. செல்ஃப் சட்டென்று அடிக்கிறது, முள் அசையவில்லை. கோட்களை அழித்த பிறகு எதுவும் திரும்பவில்லை. வலது விளக்கின் சாக்கெட்டும் நீங்கள் சொன்ன மாதிரியே பழுப்பு. மாற்றிவிட்டேன். கார்பெட் காய்ந்துதான் இருக்கிறது. வைப்பர் மட்டும் இன்னும் வெயிலில் வீசுகிறது. அப்படியானால் பெட்டியில் ஏதாவது கொஞ்சம் இருக்குமோ?

எர்த் ஒயர்:

வைப்பர் குச்சி ஆட்டோவில் இருக்கிறதா? ஆட்டோவை அணைத்தால் நிற்கிறதா? நின்றால் பெட்டி இல்லை, மழை சென்சார். கண்ணாடியில் ரியர்வியூ மிரர் அடியில் ஒட்டியிருக்கும். கண்ணாடியின் உள்பக்கம் ஒளி அடித்துத் திரும்பி வரும் அளவை வைத்துத்தான் அது மழையைக் கண்டுபிடிக்கிறது. இடையில் இருக்கும் ஜெல் பிரிந்து காற்றுக் குமிழி புகுந்தால் அதையும் மழை என்று நினைத்துக்கொள்ளும். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பாருங்கள், குமிழி கண்ணுக்கே தெரியும். முன் கண்ணாடி எப்போதாவது மாற்றிய வண்டியா?

பழைய டீசல்:

ஆட்டோவை அணைத்தால் நின்றுவிடுகிறது. கண்ணாடியும் மாற்றியதுதான், ஓரத்தில் வேறு கம்பெனி முத்திரை இருக்கிறது. சென்சாருக்கு நடுவில் பட்டாணி அளவு குமிழி. ஜெல் பட்டை தனியாகக் கிடைக்கிறதாம், ஆர்டர் போட்டுவிட்டேன். பெட்டியை மாற்றச் சொன்னவரிடம் பழைய ஒயரைக் கொண்டுபோய்க் காட்டினேன். “இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்” என்றார்.

நாலுசக்கரம்:

‘இதுவும்’!