இருபது வரை சொல்கிறாள், 'மூன்று எடு' என்றால் அள்ளுகிறாள்

மகளுக்கு மூன்றரை வயது. ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள், ஆனால் பொருளை எண்ணச் சொன்னால் விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஐந்து பொத்தான்களை வரிசையாக வைத்தால் ஒன்றையே இரண்டு தடவை தொட்டு ஆறு என்கிறாள், சரியாக எண்ணி முடித்தாலும் "மொத்தம் எத்தனை?" என்றால் பதில் வராது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். இரண்டு கேட்டால் சரியாகத் தருகிறாள், மூன்று என்றதும் கைநிறைய அள்ளி நீட்டுகிறாள். சில மாதங்களாக இதே கதைதான்.

படி ஏறும்போது சேர்ந்து எண்ணுகிறோம், சாப்பிடும் முன் ஆளுக்கொரு தட்டு வைக்கிறாள் (அது மட்டும் பிசகுவதே இல்லை), துவைத்த சாக்ஸை ஜோடி சேர்க்கிறாள். எண்ணிய பொத்தானைக் கிண்ணத்தில் போடச் சொன்னால் கவிழ்த்துவிட்டு ஓட்டம். எண் அட்டை, செயலி எல்லாம் ஒப்பிப்பதைத்தான் வளர்க்கின்றன என்று நிறுத்திவிட்டேன். பேச்சு, நிறம், வடிவம் எதிலும் சிக்கல் இல்லை. இந்த வயதில் இது சகஜம் என்பதும் தெரியும், அதனால் "போகப் போகச் சரியாகிவிடும்" மட்டும் வேண்டாம்.

கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபட, அன்றாட வேலைகளோடு சேர்த்துச் செய்ததில் உங்கள் குழந்தைக்கு எது கைகொடுத்தது?