கேழ்வரகுக் களி: கட்டி விழுறது எங்கே, ஏன்?

(தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் மேல இருக்கிறது பேசுறவங்க ஊர்.)

பாலக்கோடு

களி கட்டி கட்டியா வந்தா, "கிண்டுனது பத்தல, கையில வலு இல்ல"ன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எங்க பக்கம் பக்குவமா களி கிண்டுறவங்க கையைக் கவனிச்சுப் பாருங்க, அவங்க அவ்வளவு முரட்டுத்தனமா கிண்டவே மாட்டாங்க. துடுப்பை, அதாவது களி கிண்டுற கட்டையைப் போடறதுக்கு முன்னாடி, மாவு வேகுற அந்த 8 நிமிஷத்துலயே களியோட தலையெழுத்து முடிவாகிடும். அதனால கிண்டுறதைப் பத்தி அப்புறம் பேசலாம், வேகுறதைப் பத்தி முதல்ல.

4 பேருக்கு அளவு: ராகி மாவு 2 டம்ளர், அரிசி நொய் அரை டம்ளர், தண்ணி 6 டம்ளர். எல்லாத்துக்கும் ஒரே டம்ளர். அடிகனமான பாத்திரத்துல தண்ணியைக் கொதிக்க விட்டு, கழுவின நொய்யைப் போட்டு நல்லா குழைய விடணும். நொய் அரைவேக்காட்டுல இருக்கும்போது மாவைப் போட்டா, அதுக்கப்புறம் நொய் வேகவே வேகாது. மாவு தண்ணியை எல்லாம் இழுத்துக்கும். சாப்பிடும்போது தொண்டையில நறுக் நறுக்குன்னு தட்டும்.

நொய் குழைஞ்சதும் ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணியைத் தனியா மொண்டு வெச்சுக்கணும். பலரும் விடுற இடம் இதுதான். மாவு எவ்வளவு தண்ணி கேக்கும்னு முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு மாதிரி. கூடுதலா ஊத்திட்டா திருப்பி எடுக்க வழியில்ல, குறைச்சா மட்டும் கைவசம் இருக்கிற சுடுகஞ்சியைத் தெளிச்சுக்கலாம்.

இப்போ மாவை நடுவுல ஒரே குவியலா கொட்டணும். தூவக்கூடாது, கலக்கவும் கூடாது. துடுப்புக் காம்பால குவியல் நடுவுல அடிவரைக்கும் ஒரு குழி, சுத்தி 3 சின்னக் குழி. தீயைக் குறைச்சு மூடி வெச்சிடணும். விறகு அடுப்புன்னா கட்டையை வெளிய இழுத்துட்டு தணல் மட்டும் விடணும். கஞ்சி அந்தக் குழி வழியா பொத் பொத்துன்னு மேல வந்து மாவை நனைச்சுட்டே இருக்கும். 5 நிமிஷம் கழிச்சு மூடியைத் திறந்து பாருங்க. குழி ஓரத்துல மாவு சாம்பல் நிறம் போய் ஈரச் செம்மண் மாதிரி கறுத்து, அந்தக் கறுப்பு மெதுவா வெளியே பரவிட்டு இருக்கும். உச்சியில இன்னும் வெளுத்த மாவு தெரிஞ்சா மறுபடி மூடுங்க. குவியல் மேல வெடிப்பு விட்டு, வெடிப்புக்குள்ள ஆவி வந்தா துடுப்பைப் போடலாம்.

காரணம் இதுதான். ராகி மாவு கொதிதண்ணியில பட்ட உடனே வெளிப்பக்கம் வெந்து பசை ஆகிடும். அந்தப் பசை உள்ள இருக்கிற மாவுக்குத் தண்ணி போக விடாம அடைச்சுடும். மாவு போட்ட கையோட கலக்கினா, ஒரு குவியல் நூறு சின்ன உருண்டையா சிதறி, ஒவ்வொண்ணும் தனித்தனியா தோல் கட்டிக்கும். களியில வந்த ஒரு கட்டியைப் பிட்டுப் பாருங்க: வெளியே பளபளன்னு கறுப்பு, உள்ளே ஒரு சிட்டிகை உலர்ந்த வெள்ளை மாவு. அது அவ்வளவு நேரம் தீயில இருந்தும் தண்ணியே பார்க்காத மாவு. அதை எத்தனை தடவை கிண்டினாலும் உடையாது.

காரிமங்கலம்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. கிண்டுறதையும் நான் சேர்த்துடறேன். பாத்திரத்தைக் கீழ இறக்கி பிரிமணை (பாத்திரம் ஆடாம உக்கார வைக்கிற வளையம்) மேல வெச்சு, கவட்டையால (கவை விட்ட கட்டையால) அழுத்திப் பிடிச்சுக்கணும். கவட்டை இல்லன்னா ஈரத்துணியால ஒரு ஆள் பிடிக்கணும். துடுப்பை வட்டமா சுத்தாதீங்க. வட்டமா சுத்தினா களி மொத்தமா துடுப்போட சேர்ந்து சுத்தும், உள்ள ஒண்ணும் நடக்காது. நடுவுல குத்தி, பாத்திரச் சுவர்ல அழுத்தித் தேய்ச்சு இழுக்கணும். பாத்திரத்தைக் கால் சுத்து திருப்பி, மறுபடியும் அதே மாதிரி. மிஞ்சியிருக்கிற கட்டி சுவருக்கும் துடுப்புக்கும் நடுவுல மாட்டி நசுங்கிடும்.

களி இறுகலா இருந்தா அந்தக் கஞ்சித்தண்ணியைக் கைப்பிடி கைப்பிடியா தெளிக்கணும். பச்சைத்தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. சூடு இறங்கின இடத்துல மாவு தண்ணியோட சேராது, களி திட்டுத்திட்டா வழுக்கும்.

கிண்டி முடிச்சதும் மறுபடி 4 நிமிஷம் மூடி போட்டு சிறு தீயில விடணும். இதை விட்டா பச்சை வாடை போகாது. விரலைத் தண்ணியில நனைச்சு களியைத் தொட்டா விரல்ல ஒட்டக்கூடாது. ஒட்டினா இன்னும் 2 நிமிஷம்.

ஓசூர்

எங்க பக்கம் நொய் இல்லாமத்தான் பெரும்பாலும். கர்நாடக எல்லையை ஒட்டின ஊர்கள்ல கிண்டுறது முத்தே (கன்னடத்துல ராகி உருண்டைக்குப் பேர்) பக்குவம், வெறும் மாவு. பர்கூர்ல இருந்து வடக்கே ஆந்திராவுல குப்பம், சித்தூர்ப் பக்கம் போனா களிக்குப் பேர் சங்கட்டி. அதுல நொய்க்குப் பதிலா முழு அரிசியையே மாவோட சேர்ப்பாங்க. தருமபுரிக் களி அதுக்கு நெருங்கின சொந்தம். நொய் சேர்த்தது மிருதுவா இருக்கும், ஆறினாலும் கல்லா இறுகாது. வெறும் மாவுல கிண்டினது சூட்டோட சாப்பிட்டாத்தான் சுகம், ஆனா ராகி மணம் அதுலதான் முழுசா கிடைக்கும். எனக்கு வெறும் மாவுதான் ஒரு படி மேல.

நொய் இல்லன்னா அளவு மாறும்: 1 டம்ளர் மாவுக்கு 2 டம்ளர் தண்ணி. கஞ்சிப்பசை இல்லாததால முதல்ல 1 ஸ்பூன் மாவைக் கால் டம்ளர் பச்சைத்தண்ணியில கரைச்சு, கொதிக்கிற தண்ணியில ஊத்திக் கிளறி, அது பொங்கி வரும்போதுதான் மீதி மாவைக் குவியலா போடணும். இந்தக் கரைசல் இல்லன்னா வெறும் தண்ணி குவியலை அடியிலேயே அரிச்சு சிதற விட்டுடும்.

கிருஷ்ணகிரி

மாவு பத்தி யாரும் இன்னும் பேசலையே. கடையில "முளைகட்டிய ராகி மாவு"ன்னு போட்டிருக்கிறதை சத்து அதிகம்னு வாங்கி, களி கிண்டி, கொழகொழன்னு வந்துடுச்சுன்னு கேக்கறவங்க ரொம்பப் பேர். அளவு எல்லாம் சரியா இருந்தும் அப்படித்தான் வரும். முளை விடும்போது தானியத்துக்குள்ள உருவாகிற நொதி மாவுச்சத்தை உடைச்சு சர்க்கரையா மாத்தும். கஞ்சி கெட்டியாகாம இளகும். குழந்தைக்குக் கொடுக்கிற கூழுக்கு இது வரம், ஏன்னா அதிக மாவு போட்டாலும் கரண்டியில இருந்து வழியும். களிக்கு அதே குணம் கேடு. களிக்கு முளைகட்டாத மாவு மட்டும்தான்.

தானியமா வாங்கி அரைக்கிறதுதான் நல்லது. 2023-ல தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகள்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் "இதை எப்படிச் சுத்தம் பண்றது"ன்னு இளவட்டம் நிறையக் கேக்குது. முதல்ல முறத்துல புடைச்சு தூசி, தோல் நீக்கணும். அப்புறம் தண்ணியில போட்டுக் கையால நல்லா கசக்கினா செந்தண்ணி இறங்கும். தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் 4 தடவையாவது கழுவணும். கடைசியா கல் அரிக்கணும்: அகலமான சட்டியில தண்ணியோட போட்டு மெதுவா ஆட்டினா ராகி மேல எழும், கல் அடியில தங்கும். எழும்புற ராகியைத் தண்ணியோடவே கொஞ்சம் கொஞ்சமா இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்ச்சுட்டே வரணும். அடியில கடைசியா தங்குற ஒரு பிடி ராகியை ஆசைப்பட்டு சேர்த்துக்காதீங்க. களத்து மண்ணும் பொடிக்கல்லும் அதுலதான் இருக்கும். களியை மெல்லாம முழுங்குறோம், ஒரு கல் வந்தாலும் மொத்த உருண்டையும் போச்சு.

காயறது முக்கியம். ஒரு மணியைப் பல்லுல வெச்சுக் கடிச்சா டக்குன்னு உடையணும். நசுங்கினா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஈர ராகி மில்லுல சல்லடையை அடைச்சு மாவு சூடேறி வரும். அரைச்ச மாவை வீட்டுக்கு வந்ததும் பேப்பர்ல பரப்பி ஆற விட்டுத்தான் டப்பாவுல போடணும். சூட்டோட மூடினா மூடியில வேர்த்து, மாவு டப்பாவிலேயே கட்டி பிடிக்கும். ராகி தானியமா வருஷக்கணக்குல கெடாம நிக்கும். மாவாக்கிட்டா ரெண்டு மாசத்துக்குள்ள தீர்த்துடுங்க, அப்புறம் சிக்கு வாடை அடிச்சு கசக்கும்.

தருமபுரி

கேஸ் அடுப்புல செய்யறவங்களுக்கு ஒண்ணு. சாதாரண பாத்திரத்துல மாவு போட்டு 8 நிமிஷம் விட்டா அடி பிடிச்சுடும். நொய்யைக் குக்கர்ல 4 விசில் விட்டு, அதே குக்கர்லயே, விசில் மூடி போடாம, ஒரு தட்டை மூடி மாவை வேக வையுங்க. குக்கரோட அடி கனம் உதவும், பிடிக்கக் கைப்பிடியும் இருக்கு. சின்ன பர்னர்ல, அடியில பழைய தோசைக்கல் ஒண்ணு போட்டு அது மேல குக்கர் வெச்சா இன்னும் பத்திரம். கிண்டுறதுக்கு மட்டும் தரையில இறக்கிடுங்க. மேடை மேல நின்னு கிண்டினா வலு தோள்ல விழும், அழுத்தம் கிடைக்காது.

உப்பு போடணுமா வேணாமா? எங்க வீதியில பாதி வீட்ல போட மாட்டாங்க. குழம்புல இருக்கிற உப்பு போதும்.

காரிமங்கலம்

உப்பு வேணாம்ங்க. மிச்சத்தைத் தண்ணியில போடறதா இருந்தா நிச்சயமா வேணாம்.

இராயக்கோட்டை

மார்கழி, தையில அவரைக்கொட்டை இறங்கும்போது களிக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பை விட்டா வேற எதுவும் கிட்ட வராது. பச்சை அவரைக்கொட்டையை உரிச்சு 6, 7 மணி நேரம் தண்ணியில ஊற வெச்சா தோல் உப்பி தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சு அழுத்தினா பருப்பு சர்ருனு வெளிய வழுக்கிட்டு வரும், தோல் விரல்லயே தங்கும். குறைவா ஊறினா பிதுக்கும்போது பருப்பு ரெண்டா பிளந்துடும், குழம்புல கரைஞ்சு காணாம போயிடும். முத்தின கொட்டைக்கு ராத்திரி முழுக்க ஊறணும். சின்ன வெங்காயம், தக்காளி, தேங்காய், மல்லி, மிளகாய், கசகசா, ஒரு துண்டு பட்டை வதக்கி அரைச்சு ஊத்தி, பருப்பை அதுல சேர்த்து சிறு தீயில 15 நிமிஷம். குக்கர்ல போடாதீங்க, ஒரே விசில்ல மாவாகிடும். குழம்பு சாம்பார் மாதிரி கெட்டியா இருக்கக்கூடாது, களி முங்குற அளவுக்கு ஓடணும்.

சீசன் இல்லாத நாள்ல கீரைக்கடைசல். மண்சட்டியில வேக வெச்சு மத்தால கடைஞ்சது. மிக்ஸியில அடிச்ச கீரை நுரை கட்டிக்கும், களியோட சேராது. அவசரத்துக்கு வறுத்த நிலக்கடலை, காய்ஞ்ச மிளகாய், பூண்டு, புளி அரைச்ச சட்னி போதும். கறி சாப்பிடறவங்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும். ஒகேனக்கல் பக்கம் போனா ஆத்து மீன் குழம்பு.

உருட்டுறதுக்குக் கிண்ணத்துல தண்ணி தடவி, ஒரு கரண்டி களியைப் போட்டு கிண்ணத்தையே சுழட்டுங்க, தானா உருண்டை ஆகும். கையால உருட்டினா சூடும் தாங்காது, உருண்டையும் வெடிக்கும். தட்டுல வெச்சதும் நடுவுல கட்டைவிரலால குழி அமுக்கி குழம்பை ஊத்தணும். ஓரத்துல இருந்து பிட்டு, குழம்புல புரட்டி, மெல்லாம முழுங்கணும். மெல்ல ஆரம்பிச்சா பல்லுல ஒட்டி, களி நல்லா இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க.

ஊத்தங்கரை

அக்கா, ராத்திரி மிச்சமான உருண்டையைத் தண்ணியில போட்டா காலையில மேல வெள்ளையா ஏடு கட்டி, ஒரு மாதிரி வாடை வருதுன்னு சொல்றாங்களே, அது கெட்டுப்போச்சா?

காரிமங்கலம்

தண்ணி பத்தாததுதான் காரணம்மா. உருண்டை மேல ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி நிக்கணும். வெளிய துருத்திட்டு இருக்கிற பாகம்தான் ஏடு கட்டும், அந்த வாடை வந்தா கொட்டிடுங்க. களி நல்லா ஆறினப்புறம்தான் தண்ணி ஊத்தணும், சூட்டோட ஊத்தினா நூல் விட்டுடும். ஆற வெச்ச கொதிதண்ணி ஊத்தறது நல்லது. மண்பானைன்னா இன்னும் நல்லது. சித்திரை, வைகாசி வெயில்ல 8 மணி நேரம் தாண்டக்கூடாது. ஐப்பசி, கார்த்திகைக் குளிர்ல 12 மணி நேரம் வரை விடலாம். காலையில லேசான புளிப்பு வாசம் மட்டும் இருக்கணும். அந்தத் தண்ணியோடவே கையால கரைச்சு, மோர், உப்பு, நறுக்கின சின்ன வெங்காயம் போட்டுக் குடிங்க. நொய் போட்டுக் கிண்டின களிதான் கரைக்க லேசு. ஓசூர்க்காரங்க வெறும் மாவுக் களியைக் கரைக்கணும்னா ராத்திரியே நாலா பிட்டுப் போட்டுடணும், முழு உருண்டையா போட்டா நடுப்பாகம் காலையிலயும் இறுகலாவே இருக்கும்.