கப்பலுக்கு முந்தின இரவு எங்கே தங்குவது?

அம்மா அப்பாவுக்கு இதுதான் முதல் கப்பல் பயணம். ஞாயிறு மாலை 5 மணிக்கு ரோம் பக்கத்துச் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது. எங்கள் விமானம் ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் சனி இரவு 9.40க்குத்தான் இறங்கும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் பார்த்தேன். இரவு 10 மணிக்கு மேல் சாவி கொடுக்க ஆள் இருக்காதாம். ரயில் என்றால் டிராஸ்டெவெரே நிலையத்தில் மாற வேண்டும், இறங்கியபின் துறைமுகப் பஸ் வேறு. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்றுதான் ஏறுவார். கூடவே நான்கு பெட்டிகள். கப்பல் நிறுவனத்திடமும் கேட்டேன், அவர்கள் பஸ் கப்பல் கிளம்பும் அன்றைக்கே விமானத்தில் வந்து இறங்குபவர்களுக்கு மட்டும்தான்.

சனி இரவு விமான நிலையத்தை ஒட்டித் தங்கிவிட்டு, ஞாயிறு காலை முன்பதிவு செய்த வேனில் போகலாம் என்று தோன்றுகிறது. அப்படிப் போனவர்கள் சொல்லுங்கள்: வேன் கப்பல் முனையத்தின் வாசல்வரை விடுமா?