இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரதமர் பிபுன் சோங்க்ராம் விட்டுச்சென்றவை: தாய்லாந்தில் நீங்கள் நேரில் கண்டது என்ன?

லும்பினி நடையர்:
பாங்காக்கில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். இந்த ஒரு மாலைதான் இன்னும் உறுத்துகிறது. லும்பினிப் பூங்காவில் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசியகீதம் தொடங்கியதும் அனைவரும் நின்றுவிட, காதில் பாட்டுக் கேட்டபடி நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற பெரியவரின் முகவாயிலிருந்து வியர்வை சொட்டியது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். 1939 முதல் 1942 வரை பிபுன் வெளியிட்ட பன்னிரண்டு ‘ரத்தநியோம்’ என்ற பண்பாட்டு ஆணைகளில் (நம் ராஷ்டிரமும் நியமமும் சேர்ந்த சொல்தான்) நான்காவது, கொடிக்கும் கீதத்துக்கும் மரியாதை செலுத்தச் சொல்கிறது. அதை நான் பிறகுதான் படித்தேன்.

சீலோம் குடித்தனக்காரர்:
2006-இல் நான் குடியிருந்த வீட்டு உரிமையாளரின் தாய்க்கு எண்பது வயது கடந்திருந்தது. பூசைக்காக மாரியம்மன் கோயில் பக்கத்தில் வாங்கி வந்த வெற்றிலையைக் கண்டதும் ஒன்றை எடுத்து, முகர்ந்து பார்த்து, நரம்பைக் கிள்ளிவிட்டு மடித்துக்கொண்டார். வெற்றிலை போடுவது நாகரிகமற்றது என்று பிபுன் தடை விதித்த காலத்தில் தன் தந்தை பாக்கு மரங்களை வெட்டியதையும், தொப்பியில்லாமல் அரசு அலுவலகத்துக்குப் போன பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டதையும் மெல்லுவதற்கிடையே சொல்லிக்கொண்டிருந்தவர், வாசலில் மகளின் கார் சத்தம் கேட்டவுடன் உதட்டைத் துடைத்துவிட்டு மீதி வெற்றிலையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

தோட்டத்துப் பேரன்:
மேலே இருவரும் தொப்பி, வெற்றிலை, கீதம் என்று வேடிக்கை போல எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே பிபுன்தான் 1941 டிசம்பர் 21 அன்று ஜப்பானுடன் கூட்டுச் சேர்ந்து, அடுத்த மாதம் 25-ஆம் தேதி பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தார். பர்மாவுக்கு ஜப்பானியர் 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் என் தாத்தாவின் அண்ணனும் ஒருவர். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் அந்தப் பாதை வேலையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் கிடக்கிறார்கள். வெயிலில் வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். அவர் பெயர் இல்லை. புறப்படும்போது காவலாளி கைகூப்பிச் ‘சவாதீ’ என்றார். ‘ஸ்வஸ்தி’யிலிருந்து ஒரு பேராசிரியர் உருவாக்கிய அந்த முகமனை 1943-இல் அதிகாரபூர்வமாக்கியதும் பிபுன் அரசுதான், எனக்குப் பதிலுக்குக் கைகூப்ப வரவில்லை.

பழைய பயணி:
என் அனுபவம் சிறியது. பாங்காக் வெற்றிச் சின்னத்தின் அருகே பேருந்துக்காக நின்ற மாணவனிடம் “எந்த வெற்றி?” என்று கேட்டேன், அவன் வழித்தட எண்ணைச் சொன்னான். பிரெஞ்சு இந்தோசீனாவுடன் பிபுன் காலத்தில் நடந்த சண்டையின் நினைவாக எழுந்தது அது. பெற்ற நிலத்தை 1946-இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், சின்னம் மட்டும் நிற்கிறது. லும்பினி நடையருக்கு ஒரு சொல்: ஆறு மணிக்குச் சற்று முன்பே காதுக்கருவியைக் கழற்றிவிடுங்கள், இரயில் நிலையமானால் காலை எட்டு மணிக்கும். திரையரங்கில் எழுந்து நிற்கச் சொல்வது அரச கீதத்துக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மறுமுறை போனால் பிபுன் அரசு எழுப்பிய ஜனநாயகச் சின்னத்தை அதிகாலையில் பாருங்கள். மன்னரின் முழு அதிகார ஆட்சியை முடித்த 1932 புரட்சி நடந்த ஜூன் 24-ஐக் குறிக்க நான்கு சிறகுகளும் 24 மீட்டர் உயரம், அந்த ஆண்டான பௌத்த ஆண்டு 2475-க்காகச் சுற்றிலும் 75 பீரங்கிகள். எண்ணிப் பார்க்க விரும்பினால் போக்குவரத்து தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள், ஏழு மணிக்கு மேல் சாலையைக் கடக்க முடியாது.