வாட்டர் போலோ: நீர்ப்பந்தாட்டம் என்றே வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நீச்சல் குளத்தில் இரண்டு அணிகள் பந்தை எறிந்து கோல் போடும் வாட்டர் போலோவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆட்டத்தில் பேர்பெற்ற பிரிட்டன்காரர் பால் ராட்மிலோவிச் பற்றி நான் எழுதத் தொடங்கிய கட்டுரை இந்த ஒரு சொல்லுக்காக இரண்டாம் பத்தியிலேயே நிற்கிறது. அதனால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பேச்சில் ஐயா ஒருவர் முன்வைத்த 'நீர்ச்செண்டாட்டம்' காதுக்கு இனிமைதான். செண்டு என்றால் பந்து; செண்டுவெளி என்றால் குதிரை பழக்கும் திடல். குதிரையேறி ஆடும் போலோவுக்குக் கச்சிதம். ஆனால் நீச்சல் குளத்தில் குதிரைக்கு என்ன வேலை? அப்புறம், செண்டு என்றதும் இன்று எல்லாருக்கும் பூச்செண்டுதான் நினைவுக்கு வரும்.

'நீர்க்கைப்பந்து' என்றும் எழுதிப் பார்த்தேன். கோல்காப்பாளர் தவிர மற்றவர்கள் ஒரு நேரத்தில் ஒரு கையால்தான் பந்தைக் கையாளலாம் என்பதால் கை வருவது நியாயமே. ஆனால் தமிழ்நாட்டில் கைப்பந்து என்றால் வாலிபால். குளத்துக்கு நடுவே வலை கட்டி ஆடுகிறார்கள் என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

எனக்குப் பிடித்தது 'நீர்ப்பந்தாட்டம்'. 'பந்தாட்டம் என்றால் போலோ தொலைந்துபோகிறதே' என்று நம் பேச்சில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். தொலையவில்லை அம்மா. போலோ என்ற சொல் வந்த பால்டி மொழியில் (காஷ்மீருக்கு வடக்கே பால்டிஸ்தானில் பேசுவது) அதற்குப் பந்து என்றுதான் பொருள். குதிரை நாமாக ஏற்றிக்கொண்டது.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா பாருங்கள்:

"1886இல் கார்டிஃபில் பிறந்த ராட்மிலோவிச், 1908, 1912, 1920 ஒலிம்பிக்குகளில் நீர்ப்பந்தாட்டத் தங்கம் வென்ற பிரிட்டன் அணியில் ஆடினார். 1920இல் ஆண்ட்வெர்ப்பில் அவரே அணித்தலைவர். பெல்ஜியத்துக்கு எதிரான இறுதியாட்டத்தை 3-2 என்று முடித்துவைத்த கோலும் அவர் போட்டதுதான். 1908இல் 4×200 மீட்டர் தொடர்நீச்சலிலும் ஒரு தங்கம். ஆக நான்கு. 2000இல் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ் ஐந்தாவதை வெல்லும்வரை பிரிட்டனில் யாரும் அதைத் தாண்டவில்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும் ஆடினார், 42 வயதில்."

எனக்கு எங்கும் உறுத்தவில்லை. 'நீர்ப்பந்தாட்டக்காரர்' மட்டும் கொஞ்சம் நீளம். 'ஆட்டக்காரர்' என்று விட்டாலே இடம் பார்த்துப் புரியும்.

கோலைக் கோல் என்றே விட்டிருக்கிறேன். கோலால் கோல் போடும் குழப்பம் குதிரைப் போலோக்காரர்களுக்குத்தான், நமக்கில்லை.

இன்னொரு சொல்லும் வேண்டும். இந்த ஆட்டத்தில் தரையில் கால் ஊன்றக் கூடாது. ஆட்டம் முழுக்கக் காலை உதைத்தபடி நிமிர்ந்தே மிதக்க வேண்டும். எங்கள் ஊர்க் கிணற்றில் இதை நின்ற நீச்சல் என்போம். 'நீர்மிதிப்பு' என்று புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட இது மேல் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள்?